கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு அப்பா பெயர்கள், எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போளூரான்:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன், இங்கே யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் பழைய வட ஆர்க்காடு ஜில்லா, போளூர் தாலுகாவில் ஒரு சின்ன கிராமம். தாத்தா பெயர் அண்ணாமலை. அவருடைய அப்பா பச்சையப்பன், அதாவது என் கொள்ளுத்தாத்தா. அதுவரைக்கும் சந்தேகமே இல்லை. பச்சையப்பனுடைய அப்பா யார் என்பதுதான் சிக்கல்.

தாத்தா கடைசிக் காலத்தில் ஒரு நோட்டில் குடும்ப விவரம் கொஞ்சம் எழுதி வைத்திருக்கிறார். அதில் "என் தகப்பனார் பச்சையப்பன், தாரண வருஷம் ஆடி மாதம் ஜனனம். அவர் தகப்பனார் அண்ணாமலை" என்று இருக்கிறது. அறுபது வருடத்துக்கு ஒரு முறை வரும் கணக்கில் தாரண என்றால் 1884 அல்லது 1944, எனவே 1884 தான். ஆனால் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு அடமானப் பத்திரம் கிடைத்தது. 1921-இல் எழுதியது, கடன் தீர்ந்த பிறகு திரும்ப வந்திருக்கிறது. அதில் தெளிவாக "மன்னார்சாமி குமாரர் பச்சையப்பன்" என்று போட்டிருக்கிறது. வேறு யாரோ ஒரு பச்சையப்பன் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதிலுள்ள சர்வே எண்ணில்தான் இன்றைக்கும் எங்கள் கிணறு இருக்கிறது. ஆள் அவரேதான்.

பத்திரத்தின் இரண்டாவது பக்கம் மடிப்பில் கிழிந்து பல வரிகள் போய்விட்டன. கையெழுத்தும் பழைய முறை, புள்ளி எதுவுமே கிடையாது. நடுவில் ஒரு சொல் மட்டும் "சுவிகரரபிதர" என்று படிக்க வருகிறது, அதற்கு முன்னும் பின்னும் காகிதமே இல்லை. ஏதாவது ஊர்ப் பெயரோ, யாருடைய பட்டப்பெயரோ, தெரியவில்லை.

பிறப்புப் பதிவு கேட்டுப் பார்த்தேன், அந்தக் காலத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஊரில் விசாரித்தால் எண்பது வயதுக்காரர்களுக்கும் பச்சையப்பனைத் தாண்டித் தெரியவில்லை. பச்சையப்பனுக்கு ஏழுமலை என்று ஒரு தம்பி இருந்தாராம், "நெட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர் திரும்பவே இல்லை, ஒரே ஒரு கடுதாசி வந்தது" என்று வீட்டில் சொல்வார்கள். நெட்டால் என்பது தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டால். அந்தக் கடுதாசியும் இப்போது இல்லை.

இதை ஏன் இவ்வளவு தேடுகிறேன் என்றால், அப்பாவுக்கு 77 வயதாகிறது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்கும்போது அப்பா முதல் இரண்டு பெயரைச் சத்தமாகச் சொல்வார், மூன்றாவது பெயர் வரும்போது குரல் இறங்கிவிடும். அந்தப் பத்திரத்தைப் பார்த்ததிலிருந்து "ரெண்டுல எதுடா?" என்று என்னைக் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ரவி கோவை:

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன். எச்சிலை அனுப்பினால் போதும். ஆண் வழிக்கு என்று தனியாக ஒய் குரோமோசோம் டெஸ்ட் இருக்கிறது. மன்னார்சாமி வாரிசு என்று சொல்லிக்கொள்பவர் யாராவது இருந்தால் அவரையும் உங்களையும் ஒப்பிட்டுவிடலாம்.

ஆரணி பத்திர எழுத்தர்:

தம்பி, நாற்பது வருடம் பத்திரம் எழுதியவன், பழைய கையெழுத்தோடு பழகியவன் என்கிற முறையில் சொல்கிறேன். உங்கள் பதில் அந்தக் கிழிந்த பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தக் காலத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், துணைக்காலையும் ரகரத்தையும் ஒரே மாதிரித்தான் எழுதுவார்கள். குறில் நெடில் வித்தியாசம் இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் பல கைகளில் தெரியாது. இப்போது உங்கள் "சுவிகரரபிதர"வை மறுபடி படியுங்கள். முதலில் வரும் ர துணைக்கால், இரண்டாவது ர நிஜமான ர, கடைசி ர மறுபடியும் துணைக்கால். சுவீகார பிதா. ஊர்ப் பெயரும் இல்லை, பட்டப்பெயரும் இல்லை, தத்து எடுத்த தகப்பன் என்று அர்த்தம்.

அந்தச் சொல் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். அடமானப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கடன் தொகை, வட்டி எல்லாம் முடிந்த பிறகு சொத்து எப்படிப் பாத்தியமானது என்று ஒரு வரி வரும். பிதுரார்ஜிதமா (முன்னோர் வழி வந்ததா), சுயார்ஜிதமா (தானே சம்பாதித்ததா), பாகப்பிரிவினையில் வந்ததா என்று அங்கேதான் சொல்வோம். "என் சுவீகார பிதா மன்னார்சாமி மூலம் எனக்குப் பாத்தியமாகி என் அனுபோகத்தில் இருந்து வருகிற" என்கிற மாதிரி அந்த வரி இருந்திருக்கும். எல்லாரும் முதல் பக்கத்துப் பெயரைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பெயர் இருக்கும் வரியைவிடப் பாத்திய வரிதான் உறவைச் சொல்லும்.

அப்படியென்றால் தாத்தா எழுதியது பெற்ற தகப்பன், பத்திரத்தில் இருப்பது தத்துத் தகப்பன், இரண்டுமே சரி என்று ஆகலாம். ஆனால் "ஆகலாம்" வேண்டாம், உறுதி செய்துவிடுங்கள்.

முதல் வேலை, சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் எண், வருடம், தொகுதி, பக்கம் கொடுத்து நகல் கேளுங்கள். உங்களிடம் இருப்பது கிழிந்தாலும் பதிவுப் புத்தகத்தில் அதை முழுசாக நகல் எழுதி வைத்திருப்பார்கள். அந்த விவரம் எல்லாம் உங்கள் பத்திரத்தின் பின்பக்கத்தில் பதிவாளர் முத்திரைக்குக் கீழே இருக்கும், விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து எதுவும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அவ்வளவு பழைய பதிவு அதில் பெரும்பாலும் இருக்காது, ஆள் போய்க் கையால் தேட வேண்டியது.

இரண்டாவது, அதே பத்திரத்தின் செக்குபந்தி. நான்கு எல்லைகளிலும் யார் நிலம் என்று பெயர் பெயராக எழுதியிருப்பார்கள், கிழிந்த பக்கத்தில் அது போயிருந்தாலும் நகலில் வரும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் ஒரே நிலத்தைத்தான் கீறிப் பிரிப்பார்கள், அதனால் பக்கத்து நிலத்துக்காரன் பாதி நேரம் பங்காளியாக இருப்பான். கிழக்கே இன்னார் குமாரர் நிலம், வடக்கே இன்னார் வகையறா பூமி என்று நான்கு பெயர் கிடைத்தால் அந்த நான்கு பேருடைய பத்திரங்களையும் தேடுங்கள். உங்கள் ஆள் தன் பத்திரத்தில் தன்னைப் பற்றிச் சொல்லாததை, அடுத்தவன் பத்திரத்தில் எல்லையாக நிற்கும்போது சொல்லியிருப்பார்கள். நானே எத்தனையோ பத்திரத்தில் "மேற்படியார் சகோதரர் நிலத்துக்குத் தெற்கு" என்று எழுதியிருக்கிறேன். சர்வே எண்ணின் உட்பிரிவுகளையும் பாருங்கள், ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாக இருந்தால் அது பெரும்பாலும் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துக் காணி.

மூன்றாவது, மூன்றாம் எண் புத்தகம். சொத்துப் பத்திரம் எல்லாம் ஒன்றாம் புத்தகத்தில் இருக்கும். உயிலும் தத்து எடுக்க அதிகாரம் கொடுத்த பத்திரமும் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்குத்தான் நகல் கொடுப்பார்கள், இறந்த பிறகு யார் மனுப் போட்டாலும் கொடுக்கலாம் என்பது 1908-ஆம் வருடத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. மன்னார்சாமி பெயரில் அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம், நம் பக்கத்தில் பல தத்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பிள்ளையைக் கையில் தூக்கிக் கொடுத்ததோடு சரி, காகிதமே கிடையாது.

அப்புறம் ரவி தம்பி சொன்ன ஒய் டெஸ்ட் இந்த இடத்தில் உதவாது என்று நினைக்கிறேன். நம் வழக்கத்தில் பிள்ளை இல்லாதவன் முதலில் அண்ணன் தம்பி பிள்ளையைத்தான் தத்து எடுப்பான். மன்னார்சாமியும் அண்ணாமலையும் கூடப்பிறந்தவர்களாக இருந்தால் யார் பெற்றிருந்தாலும் ஆண் வழி ஒன்றுதானே.

ரவி கோவை:

அது உண்மைதான் ஐயா, நான் யோசிக்கவில்லை. மற்ற வகை டெஸ்டிலும் இதே தொல்லை இருக்கிறது, அத்தை மகள் மாமன் மகள் என்று நாலைந்து தலைமுறை கட்டிய குடும்பத்தில் தூரத்துச் சொந்தம்கூடக் கிட்டத்துச் சொந்தம் மாதிரிக் காட்டும்.

போளூரான்:

ஐயா, கை நடுங்குகிறது. பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் திரும்பப் படித்தேன். மூன்று வருடமாக அதை ஊர்ப் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தேன். சுவீகார பிதா என்றுதான் இருக்கிறது. திங்கட்கிழமை நகலுக்கு மனுப் போடுகிறேன்.

வந்தவாசி மல்லிகா:

பத்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும் தம்பி, நான் வேறு ஒன்று கேட்கிறேன். உங்கள் தாத்தாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் பெயர் என்ன? ஆண் பெண் எல்லாம், சின்ன வயதில் இறந்தவர்களையும் சேர்த்து, பிறந்த வரிசையில் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் தலைச்சன் பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர், தலைச்சன் பெண்ணுக்கு அப்பாவின் அம்மா பெயர் என்று வைப்பது வழக்கம். எல்லா வீட்டிலும் அப்படியே நடந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தத் தலைமுறையில் நிறைய வீட்டில் நடந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் பிள்ளையைக் கூப்பிட வேறு செல்லப் பெயர் இருக்கும், அதனால் நிஜப் பெயர் பிறகு மறந்தே போகும். அதைத்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

என் அம்மா வழியில் ஒரு பாட்டியின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது மொய் நோட்டு. 1958-இல் என் பெரியம்மா கல்யாணத்து நோட்டு, நீளவாக்கில் மடித்துக் கயிறு போட்டுக் கட்டியது, எண்ணெய்க் கறை. அதில் ஒவ்வொரு வரியிலும் பெயர், தகப்பன் பெயர், ஊர், தொகை. முதல் பக்கத்தில் தாய்மாமன் சீர், அடுத்து பங்காளிகள், அப்புறம் ஊரார். எழுதியவர் உறவு வரிசைப்படிதான் எழுதுவார், யாரை எந்தப் பக்கத்தில் எழுதினார் என்பதிலேயே பாதி உறவு தெரிந்துவிடும். 2 ரூபாய் மொய் வைத்தவர் ஒருவருடைய ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் நான் அந்த ஊருக்கே போனேன். போய் இறங்கி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டி பெயரைச் சொன்னவுடன், உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு "நீ அவ பேத்தியா" என்று அழுதுவிட்டார்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை இருந்தாலும் விடாதீர்கள். கருமாதிப் பத்திரிகையில் பங்காளிகள் பெயரை வரிசையாகப் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் கட்டிக் கொடுத்த பெண்கள் வீட்டில் இருக்கும். ஆண் பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டும்போது எல்லாவற்றையும் எரித்துவிடுவார்கள், புகுந்த வீட்டுக்குப் போன பெண் பிறந்த வீட்டுக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பாள்.

குலதெய்வம் எது? படவேட்டு ரேணுகாம்பாள் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், சுற்று வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவள்தான். பொங்கல் வைத்து மொட்டை அடிக்கும் சின்னக் கோயில் எது, அங்கே உங்களோடு வரி கொடுப்பவர்கள் யார்?

போளூரான்:

அக்கா, அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டேன். தாத்தா மூன்றாவது பிள்ளையாம். மூத்தது ஒரு அக்கா, பூங்காவனம், வந்தவாசிப் பக்கம் கட்டிக் கொடுத்து அங்கேயே இறந்துவிட்டார். இரண்டாவது ஒரு ஆண் பிள்ளை, எட்டு வயதில் காலராவில் போய்விட்டதாம். அவர் பெயர் அப்பாவுக்கு உடனே ஞாபகம் வரவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்து வந்து "மன்னாருன்னு சொல்லுவாங்கடா எங்க அப்பா" என்றார்.

முதல் பையன் மன்னார்சாமி, இரண்டாவது பையன் அண்ணாமலை. எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்துவிட்டது.

குலதெய்வம் பச்சையம்மன், மன்னார்சாமி கோயில். ஏழு முனிகள் சுதையில் உட்கார்ந்திருக்கும். எங்களோடு வரி கொடுப்பவர்கள் பதினோரு வீடு.

வந்தவாசி மல்லிகா:

பார்த்தீர்களா. உரிமை கொடுத்தவருக்கு முதல் பெயர், பெற்றவருக்கு இரண்டாவது பெயர். பச்சையப்பன் இரண்டு பேரையும் விட்டுவிடவில்லை. ஆனால் மன்னார்சாமி என்பது சாமி பெயராகவும் இருக்கிறதே, அதனால் இதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. பூங்காவனம் என்கிற பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டர்பன் செல்வி:

இந்த இழையை இப்போதுதான் பார்க்கிறேன். நான் பிறந்தது திருச்சி, கல்யாணம் ஆகி டர்பனில் இருக்கிறேன், கணவர் வீட்டில் இங்கே ஐந்தாவது தலைமுறை. உங்கள் நெட்டால் தம்பியைத் தேடுங்கள். பச்சையப்பனுடைய அப்பா பெயர் ஊரில் கிடைக்காவிட்டாலும் ஏழுமலையுடைய அப்பா பெயர் இங்கே காகிதத்தில் இருக்க வேண்டும்.

1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேரை ஒப்பந்தக் கூலியாகக் கொண்டு வந்தார்கள். பெரும் பகுதி மதராஸிலிருந்து வந்தவர்கள், அதில் வட ஆர்க்காட்டுக்காரர்கள் நிறையப் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். அந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள், க்வாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுதுலி ஆவண மையத்தில் கிடைக்கும்.

தேடுவதில் சில சங்கடங்கள். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். ஏழுமலை என்றால் ஒய் எழுத்தில் தொடங்கியிருக்கும், ழகரம் லகரமாகியிருக்கும். முனுசாமி இங்கே மூன்சாமி ஆகி இன்றைக்கு அது குடும்பப் பெயராகவே நிற்கிறது. முதலியார் மூட்லி, நாயுடு நைடூ. சில குடும்பத்தில் தகப்பன் பெயரே பிள்ளைகளுக்கு நிரந்தரக் குடும்பப் பெயராகிவிட்டது, அதனால் ஏழுமலையின் பேரன்கள் இன்றைக்கு "அண்ணாமலை" என்ற குடும்பப் பெயரோடு இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வயதை நம்பாதீர்கள், 20, 25 என்று தோராயமாகப் போட்டுவிடுவார்கள். சாதிக் கட்டத்தையும் முழுசாக நம்ப வேண்டாம். ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள், கண்ணால் பார்த்தால் தெரியாது, காதால் கேட்டால் தெரியும். கப்பல் பெயரிலும் கவனம், உம்லாசி போன்ற கப்பல்கள் பல முறை வந்து போயின, பெயருக்குப் பின்னால் இருக்கும் எண் எந்தப் பயணம் என்று சொல்லும்.

அந்த ஐந்து வருட ஒப்பந்த எண் கிடைத்துவிட்டால் பொக்கிஷம் மாதிரி. கல்யாணம், பிள்ளைகள் பிறப்பு, இறப்பு எல்லாவற்றிலும் அதே எண் தொடர்ந்து வரும். இங்கே ஒருவர் இறந்தால் சொத்து விவகாரத்துக்காக இறப்பு அறிவிப்பு என்று ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதில் இறந்தவருடைய தாய், தகப்பன் பெயர் கேட்டிருப்பார்கள். அந்தக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஒரு பகுதியை பேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்திலும் பார்க்கலாம். நான் மாரிட்ஸ்பர்க் அடிக்கடி போவேன், எண்ணை மட்டும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

போளூரான்:

எல்லாருக்கும். ஏழு வாரம் ஆகிவிட்டது, நிறைய இருக்கிறது.

பத்திர நகல் வந்துவிட்டது. பத்திர எழுத்தர் ஐயா சொன்ன வரி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, கூடவே ஒரு சொல் அதிகம்: "என் பெரிய தகப்பனாரும் சுவீகார பிதாவுமான மன்னார்சாமி மூலம்". பெரிய தகப்பனார்! அப்படியென்றால் அண்ணாமலை மன்னார்சாமியின் தம்பி. செக்குபந்தியில் கிழக்கே "அண்ணாமலை வகையறா புஞ்சை" என்று இருக்கிறது. அந்தப் புஞ்சை இன்றைக்கு எங்கள் கோயிலுக்கு வரி கொடுக்கும் பதினோரு வீட்டில் ஒரு வீட்டாரிடம் இருக்கிறது. இத்தனை வருடம் அவர்களைப் பங்காளி என்று சொல்லுவோமே தவிர, எந்த வழிப் பங்காளி என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் புத்தகத்தில் எதுவும் இல்லை.

கப்பல் பட்டியலில் ஒய் எழுத்தில் ஏழுமலைகள் நிறையப் பேர். வட ஆர்க்காடு, போளூர் என்று வடிகட்டினால் இரண்டு பேர். அதில் ஒருவருடைய கிராமத்துப் பெயரை செல்வி அக்கா சொன்ன மாதிரி வாய்விட்டுப் படித்தேன், எங்கள் ஊரேதான். வயது 20. இடது புருவத்தில் தழும்பு. ஆனால் தகப்பன் பெயர் என்ற இடத்தில் யு எழுத்தில் தொடங்கி "உண்ணாமலை" என்று படிக்கிற மாதிரி இருக்கிறது. உண்ணாமலை எங்கள் பக்கத்தில் பெண் பெயர், திருவண்ணாமலை அம்மன் உண்ணாமுலையின் பெயரைப் பேச்சு வழக்கில் அப்படித்தான் வைப்பார்கள். அப்பா இறந்துபோய் அம்மா பெயரைக் கொடுத்திருப்பாரோ? அப்படியென்றால் பூங்காவனம் கணக்கு இடிக்கிறதே?

டர்பன் செல்வி:

அவசரப்படாதீர்கள். அதே கப்பலில், அதே பக்கத்தில், அகரத்தில் தொடங்கும் மற்ற பெயர்களை அந்த குமாஸ்தா எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பழைய ஆங்கில வழக்கில் குறில் அகரத்துக்கு யு எழுத்தைப் போடுவது உண்டு, வட இந்தியாவில் இருக்கும் அம்பாலா ஊரைக்கூட அப்படித்தான் எழுதினார்கள்.

போளூரான்:

பார்த்தேன் அக்கா. நான்கு வரி தள்ளி ஒரு அப்பாவு இருக்கிறார், யு எழுத்தில்தான். இன்னும் கீழே அம்மாசி, அதுவும் யு. அருணாசலம் ஒருவர் மட்டும் சரியாக ஏ எழுத்தில், அது வேறு மையில் வேறு கையாக இருக்கிறது.

எனவே அது உண்ணாமலை இல்லை, அண்ணாமலை. ஏழுமலை, த/பெ அண்ணாமலை.

ஆரணி பத்திர எழுத்தர்:

தம்பி, பத்திரமும் கப்பல் பட்டியலும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல, ஒன்று இங்கே எழுதியது, ஒன்று துறைமுகத்தில் எழுதியது. இரண்டும் ஒரே ஆளைக் காட்டினால் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். இன்னும் ஒன்று, ஒற்றைப் பிள்ளையைத் தத்துக் கொடுக்கக் கூடாது என்பார்கள். அண்ணாமலைக்கு இரண்டு பிள்ளை இருந்ததால்தான் ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்தார். கொடுத்தபின் மிச்சம் இருந்த ஒரு பிள்ளையும் கப்பல் ஏறிப் போய்விட்டான். அந்தத் தகப்பனை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

திதிக்குப் பெயர் கேட்டீர்கள். தத்துப் போன வம்சத்தில் மூன்றாவது இடத்தில் மன்னார்சாமி பெயர்தான் வரும். பெற்றவரை விட்டுவிட வேண்டும் என்று இல்லை, காருண்ய பித்ருக்கள் என்று கடைசியில் மற்ற சொந்தங்களுக்கும் எள்ளும் தண்ணீரும் விடும் இடம் இருக்கிறது, அங்கே அண்ணாமலை பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் ஐயரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

டர்பன் செல்வி:

நேற்று மாரிட்ஸ்பர்க் போயிருந்தேன். ஏழுமலையின் எண்ணை வைத்து இறப்பு அறிவிப்பு கிடைத்தது. இறந்தது 1947. மனைவி, மூன்று பிள்ளைகள். தகப்பன் பெயர் அண்ணாமலை, இந்த முறை நல்ல எழுத்தில். தாய் பெயர் என்ற இடத்தில் "தெரியாது" என்று மகன் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்கே வருத்தமாக இருந்தது, அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன். பிள்ளைகளின் வாரிசுகளை இங்கே கோயில் வழியாக விசாரிக்கிறேன், உயிரோடு இருப்பவர்கள் என்பதால் பெயரை இங்கே போட மாட்டேன், தனியாகச் சொல்கிறேன்.

வந்தவாசி மல்லிகா:

மகனுக்குத் தெரியாமல் போகலாம், பேத்தி பெயரில் இருக்கும். ஏழுமலையின் மூத்த பெண் பெயர் அந்தப் படிவத்தில் இருக்கிறதா செல்வி?

டர்பன் செல்வி:

கோப்பை மறுபடி திறந்து பார்த்தேன். மூன்று பிள்ளைகளில் பெண் ஒன்றுதான். ஆங்கிலத்தில் கொஞ்சம் சிதைந்திருக்கிறது, ஆனால் வாய்விட்டுப் படித்தால் பூங்காவனம்.

போளூரான்:

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "கடல் தாண்டிப் போனவனும் அம்மா பேரைத்தான் வச்சிருக்கான்" என்றார்.

நேற்று ஆடி அமாவாசை. மூன்றாவது பெயர் மன்னார்சாமி என்று அப்பா சத்தமாகவே சொன்னார். கடைசியில் ஐயர் கேட்கும் முன்னாலேயே அண்ணாமலை, பூங்காவனம், ஏழுமலை என்று வரிசையாகச் சொல்லித் தண்ணீர் விட்டார்.

மல்லிகா அக்கா, பூங்காவனம் பாட்டியைக் கட்டிக் கொடுத்த வீடு உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான் என்று அப்பா சொல்கிறார். அவருடைய மகள் வழிப் பேத்தி அங்கே இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று இருக்கிறேன், பழைய மொய் நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நீங்களும் கூட வந்தால் நன்றாக இருக்கும், அந்த வீட்டில் எனக்கு யாரையும் தெரியாது.

வந்தவாசி மல்லிகா:

கட்டாயம் வருகிறேன் தம்பி. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.